சர்வர் இல்லாமல் படம் ஏற்றியபோது கற்றுக்கொண்டவை

பறவை பார்ப்பவர்களின் குழு ஒன்றுக்காக ஒரு சின்ன வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். உறுப்பினர் தான் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பார். பக்கம் அதன் அடியில் ஒரு பட்டை போடும்: பறவையின் பெயர், எடுத்த தேதி, எடுத்தவர் பெயர். அப்புறம் ஒரு பட்டனை அழுத்தினால் அந்தப் படம் அவருடைய சமூக வலைதளக் கணக்கில் பதிவாகிவிட வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கூடவே ஒரு நிபந்தனை: நடுவில் படங்களை வாங்கி வைக்கும் நம்முடைய சர்வர் கணினி என்று எதுவும் இருக்கக் கூடாது. எல்லா வேலையும் உறுப்பினரின் பிரவுசருக்குள்ளேயே முடிய வேண்டும்.

சர்வரைப் பராமரிக்க ஆள் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பறவைப் படங்களில் ஒளிந்திருக்கும் இடத் தகவல். இன்றைய போன்கள் எடுக்கும் படத்துக்குள் எக்ஸிஃப் என்ற பகுதி இருக்கிறது. கேமரா மாடல், தேதி, நேரம் ஆகியவற்றோடு, அனுமதி கொடுத்திருந்தால் ஜிபிஎஸ் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் பதிவாகும். அரிய பறவை ஒன்றின் கூட்டைப் படம் எடுத்திருந்தால், கூடு எந்த மரத்தில் இருக்கிறது என்பதே கிட்டத்தட்ட அந்தக் கோப்பில் இருக்கும். அது வெளியே போனால் முட்டை திருடுபவர்கள் வரலாம். படம் எடுக்கக் கூட்டமாகப் போனாலே போதும், தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகிவிடலாம். அப்படிப்பட்ட படங்கள் நம் கணினி வட்டு எதிலும் ஒரு நிமிடம்கூடத் தங்கக் கூடாது என்று குழுவில் எல்லோரும் உறுதியாக இருந்தார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

வேலையில் இறங்கிய பிறகு தெரிந்தது: படத்தை அனுப்பும் கோடு, அதாவது கணினி நிரல், சில வரிகளில் முடிந்துவிடுகிறது. நேரமும் யோசனையும் தேவைப்பட்டது அனுப்புவதற்கு முன்னால்தான். யார் அனுமதி தருகிறார்கள், படத்துக்குள் என்ன இருக்கிறது, எந்த நிலையில் அது வெளியே போகிறது என்பதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டியிருந்தது.

எந்தத் தளத்தில் இது நடக்கும்?

இணையத்தில் தேடினால் பிரவுசரிலிருந்து ஃபேஸ்புக்குக்குப் படம் ஏற்றும் வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கேன்வாஸில் (பிரவுசருக்குள் இருக்கும் வரைபரப்பில்) வரைந்த படத்தைப் பைட்டுகளாக மாற்றி, கிராஃப் ஏபிஐ என்ற ஃபேஸ்புக்கின் நிரல் வாசலில் உள்ள 'போட்டோஸ்' முகவரிக்கு, அனுமதிச் சீட்டு போன்ற டோக்கனோடு அனுப்பும் வகை. ஒருகாலத்தில் அது அருமையாக வேலை செய்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 'பப்ளிஷ்_ஆக்‌ஷன்ஸ்' என்ற அனுமதியை நம்பி எழுதப்பட்டவை. 2018 மார்ச்சில், ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்துப் பயன்படுத்திய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெளிவந்தது. அடுத்த மாதமே அந்த அனுமதி புதிய செயலிகளுக்கு நிறுத்தப்பட்டது. 2018 ஆகஸ்ட் 1 முதல் பழைய செயலிகளிடமிருந்தும் எடுக்கப்பட்டது. அதன்பின், ஒருவரின் தனிப்பட்ட காலவரிசையில் நம் கோடு நேரடியாகப் படம் போட முடியாது. ஃபேஸ்புக் பக்கங்களுக்கு மட்டும் வழி உண்டு. பக்கத்தை நிர்வகிப்பவர் உள்நுழைந்து 'பேஜஸ்_மேனேஜ்_போஸ்ட்ஸ்' அனுமதி தர வேண்டும். அந்த அனுமதியைப் பொதுமக்களிடம் கேட்கும் செயலி முதலில் பரிசீலனையில் தேற வேண்டும்.

ஆகவே வழிகாட்டி எதையும் படிக்கும் முன் அதன் தேதியைப் பாருங்கள். கோடு சரியாக இருக்கும். அது கேட்கும் அனுமதி மட்டும் இப்போது இருக்காது.

இன்ஸ்டாகிராம் வேறு மாதிரி. அங்கே தொழில்முறைக் கணக்குகளுக்குப் பதிவிடும் ஏபிஐ உண்டு. ஆனால் படத்துக்கு அது எதிர்பார்ப்பது ஒரு பொது முகவரி. அந்த முகவரிக்குப் போய் அவர்களே படத்தை எடுத்துக்கொள்வார்கள். பிரவுசருக்குள் இருக்கும் கோப்புக்குப் பொது முகவரி கிடையாது. முகவரி வேண்டுமென்றால் படத்தை எங்காவது ஏற்றி வைக்க வேண்டும். அதைத்தான் செய்யக் கூடாது என்று முடிவெடுத்திருந்தோம். சரி, இன்ஸ்டாகிராம் நேரடிப் பட்டியலில் இல்லை.

குழுவின் ஃபேஸ்புக் பக்கத்துக்கான டோக்கனை நம் வலைப்பக்கத்திலேயே வைத்துவிட்டால் எல்லோரும் அதன் வழியாகப் பதிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. இதை நான் கறாராக மறுத்தேன். பிரவுசருக்குப் போகும் எதுவும் ரகசியம் இல்லை. டெவலப்பர் டூல்ஸ் திறக்கத் தெரிந்த எவரும் நெட்வொர்க் பகுதியில் அந்த டோக்கனைப் பார்த்துவிடுவார். அப்புறம் குழுவின் பெயரில் எவர் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். கோடைச் சுருக்கி, குழப்பி, துண்டு துண்டாக ஒளித்து வைத்தாலும் இதே கதைதான். உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் கணக்கில், தன் அனுமதியோடு பதிவிடுவது மட்டுமே சர்வர் இல்லாத அமைப்பில் நேர்மையான வழி.

இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தி வந்தவை மாஸ்டடான், ப்ளூஸ்கை என்ற இரண்டு சமூக வலைதளங்கள். இரண்டுமே வேறு தளத்தின் பக்கத்திலிருந்து வரும் கோரிக்கைகளை ஏற்கின்றன. மற்ற செயலிகளில் இருப்பவர்களுக்கு போனின் பகிர்வுத் திரையைத் திறந்து கொடுப்பது என்று முடிவு செய்தோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

படத்தைத் தயார் செய்வது

என் நேரத்தில் பெரும்பகுதி போனது இங்கேதான். முதலில் கோப்பு வகை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் ஹெச்இஐசி வடிவில் படம் சேமிக்கின்றன. குரோம் அதை வரைந்து காட்டாது. கோப்புத் தேர்வுப் பெட்டியில் ஜேபெக் மட்டும் வேண்டும் என்று 'அக்செப்ட்' பண்பில் எழுதினால், ஐபோன் தன் புகைப்படத் தொகுப்பிலிருந்து தரும்போதே ஜேபெக்காக மாற்றித் தருகிறது. ஆனால் அதே படத்தைக் கணினிக்கு மாற்றி அங்கிருந்து ஏற்றுபவருக்கு இந்த உதவி கிடைக்காது. அவர்களுக்கு 'இந்த வகைப் படத்தை இந்த பிரவுசரால் திறக்க முடியவில்லை, ஜேபெக்காக மாற்றித் தாருங்கள்' என்று தெளிவாகச் சொல்வதே நல்லது. 'பிழை ஏற்பட்டது' என்று மட்டும் காட்டினால் அவர் மீண்டும் மீண்டும் அதே கோப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது திசை. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் படுக்கையாகவே பதிவு செய்யும். எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்பதை எக்ஸிஃபில் 1 முதல் 8 வரை ஓர் எண் சொல்லும். 6 என்றால் வலப்பக்கமாக 90 பாகை திருப்ப வேண்டும். பழைய பிரவுசர்கள் இந்த எண்ணைக் கண்டுகொள்ளாது. 2020-இல் வந்த குரோம் 81 முதல் அதுவே மதித்துத் திருப்புகிறது, மற்றவையும் அப்படியே மாறிவிட்டன. இதனால் ஒரு புதுத் தொல்லை: பழைய வழிகாட்டிகளில் இருக்கும் 'எண்ணைப் படித்து நாமே திருப்பும்' கோடைச் சேர்த்தால், படம் இரண்டு முறை திரும்பும். கொக்கு பக்கவாட்டில் படுத்திருக்கும். இப்போது அந்தக் கோடு தேவையே இல்லை, எடுத்துவிடலாம்.

பிறகு அளவு. 48 மெகாபிக்சல் படம் என்றால், ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் கேன்வாஸில் 192 எம்பி நினைவகம். ஐபோன் சஃபாரியில் ஒரு கேன்வாஸின் பரப்பு 1,67,77,216 பிக்சலைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறோம். அதாவது 4096-க்கு 4096. தாண்டினால் பிழை எதுவும் உரக்க வராது. வெறுமையான படம் கிடைக்கும், அவ்வளவுதான். பரிசோதனைக்கு உதவிய உறுப்பினர் ஒருவர் 'வெள்ளைத்தாள் மட்டும் வருகிறது' என்று அனுப்பிய திரைப்பிடிப்புக்குக் காரணம் இந்த வரம்புதான். முழு அளவில் வரைந்துவிட்டுப் பிறகு சுருக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஆரம்பத்திலேயே நீளப் பக்கம் 2048 பிக்சல் இருக்கும் கேன்வாஸை உருவாக்கி, பெரிய படத்தை நேரே அதில் வரைந்தால் வரம்பு பிரச்சினையே வராது. வேலை முடிந்ததும் கேன்வாஸின் அகலத்தைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். நினைவகம் குறைந்த போன்களில் இது நல்ல உதவி.

ஒரே படியில் மிகவும் சுருக்கினால் இறகுகளின் நுண்கோடுகள் நெளிநெளியாக மாறிவிடுகின்றன. மனித முகத்திலோ கட்டடத்திலோ இது அவ்வளவாகத் தெரியாது. ஆந்தையின் மார்பில் உடனே தெரியும். பறவைக்காரர்கள் இனத்தை அடையாளம் காண்பதே அந்தக் கோடுகளை வைத்துத்தான். அதனால் பாதி பாதியாகச் சுருக்கி, கடைசிப் படியில் தேவையான அளவுக்குக் கொண்டு வந்தேன். கொஞ்சம் நேரம் கூடுகிறது. அந்த நேரத்தைக் கொடுக்கலாம்.

பட்டையில் எழுத்து போடுவது எளிது என்று தோன்றும். கேன்வாஸ் ஒரு வலை எழுத்துரு இறங்கி முடியும் வரை காத்திருக்காது. கையில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவில் எழுதிவிட்டுப் போய்விடும். 'டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.லோட்' என்று கேட்டு, அது முடிந்த பிறகே எழுத வேண்டும். வரி மடிப்பதும் நம் பொறுப்பு. தமிழில் இங்கே கூடுதல் கவனம் தேவை. ஜாவாஸ்கிரிப்டுக்கு 'கொ' என்பது ஒரு எழுத்து இல்லை, மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி. நீளம் பார்த்து நடுவில் வெட்டினால் உயிர்க்குறி மட்டும் அடுத்த வரியில் புள்ளிவட்டத்தோடு தொங்கும். 'இன்ட்ல்.செக்மென்டர்' எழுத்து எழுத்தாகச் சரியாகப் பிரித்துத் தருகிறது. முடிந்தவரை சொல் இடைவெளியில் மடித்துவிட்டு, மிக நீளமான சொல்லுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தினேன்.

பட்டையின் ஓரத்தில் குழுவின் சின்னமும் வேண்டும் என்றார்கள். சின்னம் வேறொரு முகவரியில் இருந்தது. பிற தளத்துப் படத்தை அந்தத் தளத்தின் கோர்ஸ் அனுமதி (வேறு தளமும் பயன்படுத்தலாம் என்ற ஒப்புதல்) இல்லாமல் வரைந்தால், கேன்வாஸ் 'டெயின்டட்', அதாவது கறைபட்டது, ஆகிவிடும். பிறகு அதிலிருந்து ஒரு பைட்டைக்கூட வெளியே எடுக்க பிரவுசர் விடாது, 'செக்யூரிட்டி எரர்' என்று நிறுத்திவிடும். படத்தின் 'கிராஸ்ஆரிஜின்' பண்பை முகவரி கொடுப்பதற்கு முன்பே வைக்க வேண்டும், சர்வரும் அதற்கான ஹெடரை (கோரிக்கையோடும் பதிலோடும் போகும் குறிப்பு வரியை) தர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் சிலருக்கு மட்டும் தோற்கலாம். அதே சின்னம் பக்கத்தின் தலைப்பில் சாதாரணப் படமாக ஏற்கெனவே இறங்கி, ஹெடர் இல்லாமல் கேஷில் (பிரவுசரின் தற்காலிகச் சேமிப்பில்) கிடந்தால் அப்படி நடக்கும். சின்னத்தை நம் பக்கம் இருக்கும் முகவரியிலேயே வைத்துவிட்டால் இந்தத் தலைவலி மொத்தமும் போய்விடும். நான் அதைத்தான் செய்தேன்.

இடத் தகவலை அழிப்பது

கேன்வாஸில் வரைந்து 'டுபிளாப்' வழியாக வெளியே எடுக்கும் படத்தில் பழைய எக்ஸிஃப் இருக்காது. ஜிபிஎஸும் அதோடு போய்விடும். இது கேன்வாஸின் பக்கவிளைவு. ஆனால் எங்களுக்கு இதுவே முதன்மைத் தேவை. அதனால் பக்கவிளைவை நம்பி விட்டுவிடாமல், சோதித்துப் பார்க்கும் ஒரு விதியாக மாற்றினேன். ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் வந்து, 'படம் ஏற்கெனவே சின்னதாக இருந்தால் எதற்கு மறுபடி வரைய வேண்டும், அப்படியே அனுப்பலாமே' என்று நல்லெண்ணத்தோடு ஒரு குறுக்குவழி சேர்க்கலாம். அந்த ஒரு வரி எல்லா இடத் தகவலையும் வெளியே விட்டுவிடும். யாருக்கும் தெரியவும் தெரியாது, ஏனென்றால் திரையில் படம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

சோதனை எளிது. ஜேபெக் கோப்பு எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டுகளில் தொடங்கும். எக்ஸிஃப் இருந்தால் அது எஃப்எஃப், ஈ1 என்ற குறியோடு தொடங்கும் பகுதியில் இருக்கும். அனுப்பும் செயல்பாட்டின் வாசலிலேயே பிளாபின் (கேன்வாஸிலிருந்து கிடைத்த படக் கோப்பின்) தலைப்பகுதியைப் படித்து, அப்படி ஒரு பகுதி இருந்தால் அனுப்ப மறுத்துவிடும்படி எழுதினேன். எந்த வழியில் வந்த படமானாலும் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெரிய தளங்கள் காட்டும்போது இந்தத் தகவலை நீக்கிவிடுகின்றனவே, நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று குழுவில் கேட்டார்கள். நீக்குவது அவர்கள் கையில் போய்ச் சேர்ந்த பிறகு. மேலும் எல்லாத் தளமும் அப்படி இல்லை. ப்ளூஸ்கையின் ஆவணத்திலேயே, படத்திலிருந்து இந்தத் தகவலை நீக்கும் வேலையைச் செயலி தன் பக்கம் செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்தியிருக்கிறார்கள். கூட்டின் இடம் தெரிய வேண்டியவர் படம் எடுத்தவர் மட்டுமே. அவருடைய போனை விட்டு அது கிளம்பவே கூடாது.

கோப்பின் பெயரையும் பாருங்கள். படத்தைச் சேர்க்கும்போது பெயரும் கூடவே போகும். சிலர் இடத்தின் பெயரையே கோப்புக்கு வைத்திருப்பார்கள். கோப்பை அனுப்பக் கட்டும் ஃபார்ம்டேட்டா என்ற பொதியில் சேர்க்கும்போது மூன்றாவது மதிப்பாக ஒரு பொதுப் பெயரைக் கொடுத்துவிட்டால் போதும்.

எல்லாவற்றையும் அழித்தால் எடுத்த தேதியும் போய்விடுகிறது, பட்டைக்கு அது வேண்டும். ஆகவே வரைவதற்கு முன் மூலக் கோப்பிலிருந்து தேதியை மட்டும் படித்துக்கொள்ள வேண்டும். எக்ஸிஃப் தேதியில் ஆண்டுக்கும் மாதத்துக்கும் நாளுக்கும் நடுவில் முக்காற்புள்ளி இருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளுக்கு அது புரியாது. பிரித்து எடுத்து நாமே அடுக்க வேண்டும். தேதியைக் காட்டி, உறுப்பினர் திருத்தவும் விட்டேன். கூடு கட்டும் காலத்தில் தேதிகூட வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர் உண்டு.

அனுப்பும் வரிகள்

ஜேபெக்காகவே எடுங்கள். வெப்பி (WebP) வடிவம் கேட்டால் அதை எழுதத் தெரியாத பிரவுசர் சத்தமில்லாமல் பிஎன்ஜி கொடுக்கும். கோப்பு பல மடங்கு பெருக்கும். கிடைத்த பிளாபின் 'டைப்' என்ன என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஜேபெக்கில் ஒளிபுகும் தன்மை கிடையாது என்பதால், கேன்வாஸை முதலில் வெள்ளையால் நிரப்பிவிட்டு வரையுங்கள். இல்லையென்றால் வெற்றிடமெல்லாம் கறுப்பாகும்.

பழைய வழிகாட்டிகள் 'டுடேட்டாயூஆர்எல்' வழியாக பேஸ்64 சரம் எடுத்து, அதைப் பைட் பைட்டாக மாற்றி, மல்ட்டிபார்ட் உடலை, அதாவது பல பகுதிகளாகப் பிரித்த உள்ளடக்கத்தை, கையால் தைத்து அனுப்பச் சொல்லும். ஃபார்ம்டேட்டா பரவலாக வராத காலத்தில் வேறு வழி இல்லை. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடும். இப்போது பிளாபை எடுத்து ஃபார்ம்டேட்டாவில் சேர்த்து ஃபெட்ச் என்ற பிரவுசர் கட்டளையிடம் கொடுத்தால் முடிந்தது. 'கன்டென்ட்-டைப்' ஹெடரை மட்டும் கையால் எழுதாதீர்கள். பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்குறியை பிரவுசர்தான் உருவாக்கி அந்த ஹெடரில் சேர்க்கிறது. நீங்கள் எழுதினால் எல்லைக்குறி இல்லாமல் போகும், எதிர்முனைக்கு எங்கே படம் தொடங்குகிறது என்றே தெரியாது. உதவி கேட்டு வந்தவர்கள் பலரிடம் நான் பார்த்த தடங்கல் இதுதான்.

எத்தனை சதவீதம் ஏறியது என்று காட்டும் பட்டை வேண்டும் என்றால் ஃபெட்ச் போதாது, எக்ஸ்ஹெச்ஆர் என்ற பழைய அனுப்பும் முறை வேண்டும். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'அப்லோட்' பொருளில் ஒரு கவனிப்பானைச் சேர்த்த உடனே, அந்தக் கோரிக்கை எளிய கோரிக்கை என்ற தகுதியை இழக்கும். பிரவுசர் முதலில் பிரிஃப்ளைட் என்ற 'ஆப்ஷன்ஸ்' விசாரணையை அனுப்பும். எதிர்முனை அதற்குப் பதில் சொல்லாவிட்டால் பதிவேற்றமே நின்றுவிடும். 'முன்னேற்றப் பட்டை சேர்த்தேன், கோர்ஸ் பிழை வருகிறது' என்று யாராவது குழம்பினால் காரணம் இதுவாக இருக்கலாம். ஹெடரில் டோக்கன் அனுப்பினால் எப்படியும் பிரிஃப்ளைட் உண்டு. மாஸ்டடான் அதற்குச் சரியாகப் பதில் சொல்கிறது.

மாஸ்டடானில் இரண்டு படிகள். முதலில் படத்தை 'மீடியா' முகவரியின் இரண்டாம் பதிப்புக்கு அனுப்ப வேண்டும். உடனே தயாரானால் 200 என்ற பதில் எண் வரும். பின்னணியில் வேலை நடந்தால் 202 வரும். அப்போது அந்த அடையாள எண்ணை வைத்து அவ்வப்போது கேட்க வேண்டும். இன்னும் முடியவில்லை என்றால் 206, முடிந்தால் 200. அதற்குப் பிறகே பதிவை உருவாக்க வேண்டும். படத்தின் அளவு வரம்புகள் ஒவ்வொரு மாஸ்டடான் சர்வருக்கும் மாறலாம். 'இன்ஸ்டன்ஸ்' முகவரியில் கேட்டால் அதுவே சொல்லிவிடும், கோடில் எண்ணைப் பதிக்க வேண்டாம்.

ப்ளூஸ்கையில் மல்ட்டிபார்ட்டே இல்லை. பிளாபை அப்படியே உடலாக வைத்து அனுப்ப வேண்டும். இங்கே 'கன்டென்ட்-டைப்' ஹெடரில் படத்தின் வகையை நாம்தான் எழுத வேண்டும், மேலே சொன்னதற்கு நேர்மாறாக. நான் வேலை செய்தபோது ஒரு படத்துக்கு 10 லட்சம் பைட் வரம்பு. வெறும் வானத்தில் பறக்கும் கழுகு சுலபமாக அடங்கிவிடும். இலைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் சிட்டு அதே அளவில் பல மடங்கு இடம் பிடிக்கும். 0.9 ஜேபெக் தரத்தில் (முழுத் தரம் 1) தொடங்கி, பெரிதாக இருந்தால் படிப்படியாகக் குறைத்தேன். 0.7-க்குக் கீழே போகாமல், அதற்குப் பதிலாக நீள அகலத்தைக் குறைத்தேன். கட்டம் கட்டமாக உடைந்த பெரிய படத்தைவிடத் தெளிவான சிறிய படம் பறவைக்கு நல்லது.

இணைப்பு மோசமான இடங்களில்தான் பறவைகள் இருக்கும். படம் ஏறி, பதிவும் உருவாகி, 'சரி' என்ற பதில் மட்டும் திரும்பி வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. உறுப்பினர் மறுபடி பட்டனை அழுத்துவார், ஒரே மீன்கொத்தி இரண்டு முறை பதிவாகும். மாஸ்டடானில் இதற்கு 'ஐடம்பொட்டன்சி-கீ' என்ற ஹெடர் இருக்கிறது. ஒரு பதிவுக்கு ஒரு சாவியை உருவாக்கி, மறுமுயற்சியிலும் அதே சாவியை அனுப்பினால் இரண்டாவது பதிவு உருவாகாது. சாவியைப் பட்டன் அழுத்தும்போது உருவாக்கினால் பயனில்லை. படம் தயாரானதும் உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்நுழைவும் டோக்கனும்

ரகசியச் சாவி வைத்துக்கொள்ள முடியாத செயலிகளுக்காக வந்தது பிக்ஸி என்று சொல்லப்படும் நீட்சி; கடவுச்சொல்லைக் கொடுக்காமலே செயலிக்கு அனுமதி தரும் ஓஆத் முறையின் நீட்சி. 2015-இல் ஆர்எஃப்சி 7636 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளியானது. டோக்கனை முகவரியிலேயே தரும் பழைய 'இம்ப்ளிசிட்' முறையை இனி எடுக்க வேண்டாம். ப்ளூஸ்கையில் 'ஆப் பாஸ்வேர்ட்' என்ற குறுக்குவழியும் உண்டு. நம் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அதில் கடவுச்சொல் வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பழக்கத்தை உறுப்பினர்களுக்கு ஏற்படுத்தினால் நாளைக்கு ஒரு போலிப் பக்கத்திலும் அதையே செய்வார்கள். கேட்கும் அனுமதியும் குறைவாக இருக்கட்டும். மாஸ்டடானில் படம் ஏற்றவும் பதிவிடவும் தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன. வேறு எதையும் கேட்கத் தேவையில்லை.

டோக்கன் பிரவுசரில் இருக்கும்வரை, பக்கத்தில் ஓடும் எந்த ஸ்கிரிப்டும் அதை எடுக்க முடியும். அதனால் புள்ளிவிவரக் கருவி, அரட்டைப் பெட்டி, வெளியார் எழுத்துரு ஸ்கிரிப்ட் எதையும் சேர்க்கவில்லை. நம் முகவரியிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் மட்டுமே ஓடலாம் என்று உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையையும் போட்டேன்.

உள்நுழைவில் இன்னொன்று. உறுப்பினர் படத்தைத் தேர்ந்தெடுத்து, பெயரெல்லாம் எழுதி, கடைசியில் பட்டனை அழுத்துவார். அப்போது உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய்த் திரும்பினால், தேர்ந்தெடுத்த கோப்பு போய்விடும். பாப்அப் சாளரம் திறக்கலாம் என்றால், படம் தயாராகும் வரை காத்திருந்துவிட்டுத் திறக்கும்போது பிரவுசர் தடுத்துவிடும். தயாரான பிளாபை இண்டெக்ஸ்டு டிபி என்ற பிரவுசர் சேமிப்பில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் எடுத்து, பதிவானதும் அழித்துவிடுவது நன்றாக வேலை செய்தது. அங்கே வைப்பது மறுபடி வரைந்த படமாக இருக்கட்டும், மூலக் கோப்பு வேண்டாம்.

மற்ற செயலிகளுக்கு போனின் பகிர்வுத் திரை. 'நேவிகேட்டர்.ஷேர்' இப்போது கோப்புகளையும் ஏற்கிறது. முதலில் 'கேன்ஷேர்' என்று அதே கோப்பைக் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். பயனர் தொட்ட சில விநாடிகளுக்குள் இதை அழைக்க வேண்டும். தொட்ட பிறகு படத்தைச் சுருக்க ஆரம்பித்தால், மெதுவான போனில் நேரம் கடந்து 'நாட் அலவ்டு' என்று மறுக்கப்படும். ஆகவே முன்னோட்டம் காட்டும்போதே கோப்பைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பயனர் மனம் மாறித் திரையை மூடினால் 'அபார்ட் எரர்' வரும். அது அவருடைய முடிவு, பிழைச் செய்தி காட்டாதீர்கள். கோப்போடு உரையையும் கொடுத்தால் சில செயலிகள் உரையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். படத்திலேயே பட்டை இருந்ததால் எங்களுக்குப் பெயர் தொலையவில்லை.

ஆனால் பெயர் படத்துக்குள் மட்டும் இருந்தால் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு அது இல்லாததற்குச் சமம். மாஸ்டடானில் படத்தோடு 'டிஸ்கிரிப்ஷன்', ப்ளூஸ்கையில் 'ஆல்ட்' என்று விளக்கத்துக்கு இடம் இருக்கிறது. பட்டையில் எழுதியதைத் தானாக அதில் நிரப்பி, கீழே 'பறவை என்ன செய்துகொண்டிருக்கிறது?' என்று ஒரு பெட்டி வைத்தேன். 'படத்துக்கு மாற்று உரை தருக' என்று கேட்டிருந்தால் பெரும்பாலோர் தாண்டிப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஆசையோடு எழுதுகிறார்கள்: அலகில் புழுவோடு நிற்கிறது, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறது என்று. ப்ளூஸ்கை பதிவில் இணைப்போ குறிச்சொல்லோ சேர்க்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அது எங்கே தொடங்குகிறது என்பதை யூடிஎஃப்-8 பைட் கணக்கில் சொல்ல வேண்டும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ஜாவாஸ்கிரிப்ட் தரும் நீளத்தை அப்படியே கொடுத்தால் இணைப்பு வேறெங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். 'டெக்ஸ்ட்என்கோடர்' வழியாக முன்பகுதியைப் பைட்டாக்கி, அதன் நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.